பால் சுரக்காத அன்றே தொடங்கிய நோய்

வாசகர் கேள்வி:

என் அக்காவுக்கு 36 வயது, எடை 44 கிலோ. ஏழு வருடத்துக்கு முன் இரண்டாவது பிரசவத்தில் நஞ்சு பிரியாமல் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தைக்குப் பால் ஒரு சொட்டும் இல்லை. மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. உடம்பு தேறினால் வந்துவிடும் என்று விட்டுவிட்டோம். எப்போதும் அசதி, குளிர் தாங்காது, ரத்தசோகை. தைராய்டாக இருக்கலாம் என்று இரண்டு முறை டி.எஸ்.எச். பார்த்தோம், நார்மல் என்றார்கள். போன மாதம் வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் நினைவு தப்பியது. மருத்துவமனையில் பிரஷர் 80/50, சோடியம் 116, பொட்டாசியம் 4.2. பிறகு எடுத்த பரிசோதனையில் காலை கார்ட்டிசால் 1.8, ஃப்ரீ டி4 0.4, டி.எஸ்.எச். 3.4, எஃப்.எஸ்.எச். 1.9. எம்.ஆர்.ஐ.யில் 'எம்ப்டி செல்லா' என்று வந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் காலை 10 மி.கி., மதியம் 5 மி.கி. தந்தார்கள், ஒரு வாரம் கழித்துத் தைராக்சின் 50 சேர்த்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து அதை மட்டும் நிறுத்திவிட்டோம். தைராய்டு மாத்திரை தொடர்கிறது. அக்காவுக்கு மூளையில் ஓட்டையா, கட்டியா? ஸ்டீராய்டு இல்லாமல் குணப்படுத்த வழி உண்டா? இனி குழந்தை பிறக்குமா?

தென்காசி மாவட்ட வாசகர்

பதில்:

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி செயலிழந்திருப்பதுதான் அக்காவின் நோய். அதற்கும் மற்ற கேள்விகளுக்கும் போகுமுன் ஒரு காரியம். நிறுத்திய ஹைட்ரோகார்ட்டிசோனை இன்றே, எழுதிக்கொடுத்த அதே அளவில் மறுபடி தொடங்குங்கள். எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராக்சினைத் தொடர்வதா, சில நாள் தள்ளிவைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குழறிப் பேசுவது, தூங்கி வழிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய், 'பிட்யூட்டரி வேலை செய்யாதவர், ஸ்டீராய்டு நின்றுவிட்டது' என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? மருத்துவர் தைராக்சினை ஒரு வாரம் தள்ளித் தொடங்கியது வேண்டுமென்றே செய்தது. தைராக்சின் உடம்பின் எரிப்பைக் கூட்டும். எரிப்பு கூடினால் கார்ட்டிசால் தேவையும் கூடும் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தரும் ஹார்மோன் இது; ஹைட்ரோகார்ட்டிசோன் அதன் மாத்திரை வடிவம்). அதோடு, ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் தைராக்சின் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். கார்ட்டிசால் சுரக்காத ஒருவருக்குத் தைராக்சினை மட்டும் கொடுத்தால், போன மாதம் நடந்தது வயிற்றுப்போக்கே இல்லாமல் மறுபடி நடக்கலாம். இந்த நோயில் முதலில் ஸ்டீராய்டு, அடுத்துத் தைராக்சின். வரிசை மாறக்கூடாது.

இனி நோய்க்கு வருவோம். அக்காவுக்கு வந்திருப்பது ஷீஹன் நோய் என்பதில் நீங்கள் எழுதிய விவரங்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஹெரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் நோய்க்குறியியலாளர் 1937-இல் விரிவாக எழுதியதால் இந்தப் பெயர். பிரசவ ரத்தப்போக்கில் பிட்யூட்டரியின் முன்மடல் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போவதுதான் நோய். கட்டி இல்லை, புற்றுநோய் இல்லை, பரம்பரை வியாதியும் இல்லை.

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுதான், எடை அரை கிராமைச் சற்றுத் தாண்டும். மூக்கின் வேருக்கு நேர் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் போலக் குழிந்த ஓர் எலும்புத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தொட்டிக்குத்தான் செல்லா என்று பெயர். ஒரு மெல்லிய காம்பு இதை மேலே, இதற்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸோடு இணைக்கிறது. (பள்ளிப் பாடத்தில் 'கபச்சுரப்பி' என்று படித்திருப்பீர்கள். மூளையின் சளி இதன் வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று அந்தக் கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பி வைத்த லத்தீன் பெயரின் தமிழாக்கம் அது. சளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

சுரப்பிக்கு இரண்டு மடல்கள். முன்மடல் ஆறு முக்கிய ஹார்மோன்களைச் செய்கிறது: பாலுக்குப் புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன், சூலகத்தை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும், தைராய்டை இயக்கும் டி.எஸ்.எச்., அட்ரீனலைக் கார்ட்டிசால் சுரக்கச் சொல்லும் ஏ.சி.டி.எச். பின்மடல் தானாக எதையும் தயாரிப்பதில்லை. ஹைப்போதலாமஸில் தயாராகி நரம்பு வழியே இறங்கிவரும் இரண்டு ஹார்மோன்களை வைத்திருந்து வெளிவிடும். சிறுநீரின் அளவை அடக்கும் வாசோபிரெசின் ஒன்று, கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் மற்றொன்று.

முன்மடலின் பலவீனம் அதன் நீர்ப்பாசனத்தில் இருக்கிறது. அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி தமனியிலிருந்து நேராகப் பாய்வதில்லை. ஹைப்போதலாமஸின் அடியில் ஒருமுறை நுண்குழாய்களாகப் பரவி, அங்கிருந்து கட்டளை ஹார்மோன்களை ஏற்றிக்கொண்டு, காம்பின் வழியே சிரைகளில் மெல்ல இறங்கி வருகிறது. அழுத்தம் குறைந்த கடைமடைப் பாசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் பால் சுரக்கும் செல்கள் பெருகுவதால் முன்மடல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீங்குகிறது. தொட்டியோ எலும்பு, விரிந்துகொடுக்காது. பயிர் கூடி நிற்கும் அந்த நேரத்தில் ரத்தப்போக்கால் பிரஷர் விழுந்தால், ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடம் எந்த வயல் முதலில் காயுமோ அதுதான் இங்கேயும் காய்கிறது. பின்மடலுக்குத் தனித் தமனி உண்டு, ஆகவே அது பெரும்பாலும் தப்பிவிடும்.

முதல் அறிகுறி பிரசவித்த வாரத்திலேயே வந்துவிட்டது. ரத்தம் ஏற்றும் அளவுக்கு உதிரம் போன ஒரு தாய்க்குப் பால் அறவே சுரக்கவில்லை என்றால், அதைப் பூண்டும் பால்சுறாவும் கொடுத்துத் தீர்க்கும் விஷயமாகப் பார்க்கக்கூடாது. அடுத்து மாதவிலக்கு நிற்கும். அக்குள் முடியும் அந்தரங்க முடியும் மெல்ல உதிரும், சிரைத்தால் திரும்ப முளைக்காது. முகம் வெளுத்து, தோல் மெலிந்து, வயதுக்கு மீறிய மெல்லிய சுருக்கங்கள் விழும். இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை இருக்கும், ஏனென்றால் அங்கே குறைவது இரும்பு மட்டுமில்லை. கார்ட்டிசாலும் தைராய்டும் அரைகுறையாகச் சுரப்பதால் ஆள் எப்படியோ நடமாடிக்கொண்டிருப்பார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ அறுவை சிகிச்சையோ வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் பத்து வருடம்கூட ஓடிவிடுவதுண்டு. உங்கள் வீட்டில் ஏழு.

அந்த ஏழு வருடத்தில் இரண்டு முறை உங்களை ஏமாற்றியது டி.எஸ்.எச். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இனியும் அது ஏமாற்றும். டி.எஸ்.எச். தைராய்டின் ஹார்மோன் இல்லை. பிட்யூட்டரி தைராய்டுக்கு எழுதும் ஓலை அது. கழுத்திலிருக்கும் தைராய்டு கெட்டால் ஓலைக்குமேல் ஓலை போகும், டி.எஸ்.எச். எண் ஏறும். ஊரில் நாம் பார்க்கும் தைராய்டு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வகைதான் என்பதால், டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஓலை எழுதுகிறவரே விழுந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. டி.எஸ்.எச். தாழ்ந்திருக்கலாம், நார்மலாக இருக்கலாம், சற்று ஏறியும் இருக்கலாம். சேதமான பிட்யூட்டரி வெளிவிடும் டி.எஸ்.எச்.சில் வீரியம் குறைவு. உண்மையைச் சொல்வது தைராய்டே சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4. அக்காவுக்கு அது 0.4, பெரும்பாலான லேப்களில் நார்மலின் கீழ் எல்லை 0.8-ஐ ஒட்டி இருக்கும். டி4 இவ்வளவு விழுந்தும் டி.எஸ்.எச். 3.4-இலேயே நிற்கிறதே, அதுவே பிட்யூட்டரியின் வாக்குமூலம்.

எஃப்.எஸ்.எச்.சையும் அதே மாதிரி படியுங்கள். சூலகம் ஓய்ந்து மாதவிலக்கு நின்றால் எஃப்.எஸ்.எச். பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். ஏழு வருடம் விலக்கில்லாதவருக்கு 1.9 என்றால் கோளாறு சூலகத்தில் இல்லை. காலை எட்டு மணிக் கார்ட்டிசால் 3-க்குக் கீழே இருந்தால் அட்ரீனல் போதாமை உறுதி, 1.8 வந்தபின் ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை தேவையில்லை. பொட்டாசியம் ஏறாததும் ஒரு தடயம். அட்ரீனலே கெட்டிருந்தால், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் அதன் மற்றொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனும் போய்ப் பொட்டாசியம் ஏறும், தோலும் கறுக்கும். பிட்யூட்டரி கெட்டால் ஆல்டோஸ்டிரோன் தப்பிவிடும். அது ஏ.சி.டி.எச்.சை நம்பி வாழ்வதில்லை.

அப்படியானால் சோடியம் ஏன் 116-க்கு விழுந்தது? உடம்பில் உப்பு தீர்ந்ததால் மட்டுமில்லை. கார்ட்டிசால் இல்லாவிட்டால் வாசோபிரெசின் அடங்காமல் சுரந்து, குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றாமல் வைத்துக்கொள்ளும், சோடியம் நீர்த்துப்போகும். ஆகவே சாப்பாட்டில் உப்பைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்டீராய்டு கொடுத்ததும் தேங்கிய தண்ணீர் மளமளவென்று வெளியேறும். அப்போது சோடியம் ஒரே நாளில் எட்டு, பத்துக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டுக்கு ஆபத்து. ஐ.சி.யூ.வில் சில மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தது அதற்காகத்தான் இருக்கும்.

'எம்ப்டி செல்லா' என்றால் மூளையில் ஓட்டை இல்லை. சுரப்பி சுருங்கியதால் எலும்புத் தொட்டியில் காலியான இடத்தை மூளைத்தண்டுவட நீர் நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாக எம்ப்டி செல்லா வந்தவர்கள் பலருக்கு ஹார்மோன் எல்லாம் சரியாகவே இருக்கும். அவர்கள் இந்தப் பதிலைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. அக்காவுக்கு அது நோயின் தழும்பு.

பிட்யூட்டரி செயலிழக்க வேறு வழிகளும் உண்டு. சுரப்பியில் வரும் கட்டிகள் ஒன்று. அவை மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தி, பக்கவாட்டுப் பார்வை இரண்டு புறமும் மங்கும். ரத்தப்போக்கு இல்லாமலே பிரசவத்தை ஒட்டிச் சுரப்பி அழற்சியால் வீங்குவது மற்றொன்று. அதில் தலைவலி முன்னால் நிற்கும். நம் பக்கத்தில் மறக்கக்கூடாத காரணம் கண்ணாடிவிரியன் கடி. பிழைத்து எழுந்தவருக்கு மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட இதே அசதியும் முடி உதிர்வும் வரலாம். விரியன் கடித்து சிறுநீரகம் பாதித்துத் தேறிய ஆண் ஒருவருக்கு மீசை தாடி உதிர்ந்தால் பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பெரிய பயம், ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டு நோய்க்கும் மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் வீங்கி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை வந்தவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பயம். அங்கே தினம் 40 மி.கி. பிரெட்னிசலோன் வரை போகும். அது 160 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம். அக்காவுக்கு எழுதியிருப்பது 15 மி.கி. ஆரோக்கியமான ஓர் உடம்பு ஒரு நாளைக்குத் தானாகவே ஏறக்குறைய 10 மி.கி. கார்ட்டிசால் சுரக்கிறது, வாய்வழி வரும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். உங்களுக்கும் எனக்கும் அட்ரீனல் கொடுப்பதை அக்காவுக்கு மாத்திரை கொடுக்கிறது. செத்த செல்கள் மறுபடி முளைக்காது என்பதால் இது ஆயுளுக்கும் தேவை. இதற்கு மாற்றாக மூலிகையோ உணவோ எந்த மருத்துவ முறையிலும் இல்லை. அப்படி யாராவது பொடி கொடுத்து ஆள் தெம்பாகிவிட்டால், அந்தப் பொடியில் அளவு தெரியாத ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதுதான் எங்கள் முதல் சந்தேகமாக இருக்கும்.

காலை மாத்திரையை எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குமுன்கூடப் போடலாம். இரண்டாவதை மதியம் இரண்டு மணிக்குள். இரவில் போட்டால் தூக்கம் கெடும். இரண்டு வேளை ஞாபகம் இருக்காது என்றால் காலையில் ஒரே தடவை பிரெட்னிசலோன் 3 முதல் 5 மி.கி.க்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நலமாக இருக்கும் நாளைவிட நோய்வாய்ப்படும் நாளில்தான் கவனம் வேண்டும். நமக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரீனல் தானே சுரப்பைக் கூட்டிக்கொள்ளும். அக்காவுக்கு நீங்கள்தான் கூட்ட வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு, அதாவது காலை 20, மதியம் 10. 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. காய்ச்சல் விட்டதும் ஓரிரு நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம். பல் பிடுங்கும் நாளிலும் கூடுதல் அளவு வேண்டும். தினசரி மனக்கவலைக்கும் வீட்டு வேலைக்கும் கூட்டத் தேவையில்லை.

மாத்திரை போட்ட அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால், அல்லது வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால், மாத்திரையால் பயனில்லை, 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இந்த ஊசி சிறு பாட்டிலில் பொடியாக வரும், 2 மி.லி. ஊசிநீரில் கரைத்துத் தொடையின் வெளிப்புறம் போடலாம். இரண்டு பாட்டில், ஊசிநீர், சிரிஞ்சு எல்லாம் ஒரே டப்பாவில் வீட்டில் இருக்கட்டும்; காலாவதித் தேதியைப் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை பாருங்கள். போடும் முறையை வீட்டில் இருவராவது நர்சிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வாந்தி வந்து, பெரிய மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தொலைவில் என்றால் இந்த டப்பாதான் உயிர். அக்காவின் பையில் ஒரு சிறு அட்டையும் இருக்க வேண்டும்: நோயின் பெயர், மாத்திரை அளவு, 'அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. உடனே' என்ற வரி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் எழுத நேர்ந்தால், அவை கார்ட்டிசாலை வேகமாக எரிக்கும். ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதை அந்த மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கிய சில நாளில் அளவில்லாத தாகமும், குடம் குடமாகச் சிறுநீரும் வந்தால் சொல்லியாக வேண்டும். பின்மடலிலும் கொஞ்சம் சேதம் இருந்து, கார்ட்டிசால் குறைவால் அதுவரை அது மறைந்திருந்திருக்கலாம். அரிது, ஆனால் மாத்திரையோ மூக்கில் அடிக்கும் மருந்தோ கொடுத்து எளிதில் கட்டுப்படுத்தலாம்.

தைராக்சின் வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. முழு அளவு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், 44 கிலோவுக்கு 70-ஐ ஒட்டி வரும், ஆகவே 50 பிறகு 75 ஆகலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும், அன்று காலை மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுங்கள். நார்மல் வரம்பின் மேல்பாதியில் அது நிற்க வேண்டும். இங்கேதான் பழைய ஏமாற்று திரும்பி வரும். மாத்திரை தொடங்கியபின் டி.எஸ்.எச். 0.1-க்குப் போகும், ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் 'டோஸ் அதிகம்' என்று பாதியாக்கிவிடுவார். டி.எஸ்.எச். பரிசோதனையையே இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

36 வயதில் ஏழு வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்தது எலும்புக்குக் கேடு. எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மாத்திரைகளை ஏறக்குறைய ஐம்பது வயதுவரை கொடுப்பது வழக்கம், ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாவிட்டால். இதனால் மாதாமாதம் விலக்கு வரும். அதைப் பார்த்து நோய் குணமாகிவிட்டது என்று மற்ற மாத்திரைகளை நிறுத்தியவர்கள் உண்டு. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தொடங்கினால் தைராக்சின் அளவு சற்றுக் கூட்ட வேண்டி வரலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் இருக்கிறது. பெரும்பாலும் தினமும் போட வேண்டும், விலை அதிகம், உயிருக்கு அவசியமில்லை. இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இனி குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்கு: முடியும். கருப்பையும் சூலகமும் கெடவில்லை, கட்டளைதான் வரவில்லை. எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஊசிகளால் முட்டையை வளர்த்துக் கருத்தரிக்க வைக்கலாம். அதற்குமுன் ஆறு மாதமாவது கார்ட்டிசாலும் டி4-உம் நிலைப்பட்டு, ரத்தசோகை தீர்ந்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் தைராக்சின் முன்கூட்டியே கூடும், கடைசி மூன்று மாதத்தில் ஹைட்ரோகார்ட்டிசோனும் சற்றுக் கூடும். பிரசவம் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். வலி கண்டதும் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் சிரையில் (ரத்தக்குழாயில்) போட வேண்டும் என்பதைக் கர்ப்பப் பதிவு அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் இந்த முறையும் சுரக்காது. அதற்கு ஊசி கிடையாது. தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனையாகப் பார்த்துக்கொண்டால் முதல் வாரத்துக்கு உதவும்.